மளிகைக் கடைக்குச் சூரிய மின்சாரம்: கணக்கு எங்கே தொடங்க வேண்டும்?

கதிரவனின் ஒளியை நேரடியாக மின்சாரமாக்கலாம் என்பது புதிய செய்தியன்று. 1839ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல், கரைசலில் அமிழ்த்திய மின்வாய்களின் மீது ஒளி படும்போது மின்னோட்டம் உண்டாவதைக் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்த சிலிக்கான் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கை மின்னாற்றலாக்கியது. இன்று கடைத்தெருவில் விற்கும் பேனல் 20 பங்குக்கு மேலும் மாற்றிவிடுகிறது. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையம் எழுந்ததை அறியாதார் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால், "ஒரு சின்னக் கடைக்கு எத்தனை வாட் பேனல் வேணும், தாயி?" என்று என் தாய்மாமன் கேட்டபோது, மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் நான் விடை சொல்லத் தெரியாமல் விழித்தேன். அந்த வெட்கத்தின் பயனே இக்கட்டுரை.

மாமா அந்தக் கேள்வியைக் கேட்டது தாமதமாகத்தான். அதற்கு எட்டு மாதம் முன்னரே அவர் ஒரு சூரிய மின் அமைப்பை வாங்கிப் பொருத்தியிருந்தார். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மளிகைக் கடை அவருடையது. கூலி வேலைக்குச் சென்றவர்கள் திரும்பி வந்து, கையிலுள்ள காசுக்கு அரிசியும் எண்ணெயும் வாங்குவது மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் மின்சாரம் போனால், வருகிறவர்கள் விளக்கெரியும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே சீட்டெடுத்த பணத்தில் 28,000 ரூபாய் செலவிட்டு, 100 வாட் பேனல் ஒன்று, 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, ஓர் இன்வெர்ட்டர் ஆகியவற்றை வாங்கினார். முதல் இரண்டு நாள் கடை கல்யாண வீடுபோல் ஒளிர்ந்தது. மூன்றாம் நாள் எட்டு மணிக்கே அணைந்தது. போகப் போக அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. எட்டாம் மாதம் பேட்டரி அடியோடு படுத்துவிட்டது.

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். அவர் மாமாவிடம் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான்: பேனல் 100 வாட், பகல் 12 மணி நேரம், பெருக்கினால் 1,200 வாட்-மணி. கடைக்கு மாலையில் வேண்டியதோ 900க்கும் குறைவு. கேட்பவருக்குச் சரியென்றுதான் தோன்றும். இதில் எங்கே பிழை என்பதை நம் மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும்.

100 வாட் என்பதன் பொருள்

பேனலின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் காணும் வாட் அளவு, ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி செங்குத்தாக விழ, மின்கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்கும்போது எடுத்த அளவாகும். காலை எட்டு மணி வெயிலும் நண்பகல் வெயிலும் ஒன்றல்ல. ஒரு நாள் முழுதும் விழும் ஒளியாற்றலைக் கூட்டி, அது எத்தனை மணி நேர "முழு வெயிலுக்கு" ஈடாகும் என்று கணக்கிடுவதே முறை. நம் பகுதியில் அது ஆண்டுச் சராசரியாக ஏறக்குறைய 5 மணி நேரமே, பன்னிரண்டு அன்று. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் குறையும்.

வெப்பமும் பகைதான். வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும் என்று எண்ணுகிறோம். ஒளி மிகுந்தால்தான் மிகும், சூடு மிகுந்தால் குறையும். சிலிக்கான் மின்கலத்தில் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் நூற்றுக்கு 0.35 அளவில் குறைகிறது. நம் ஊர்ச் சித்திரை நண்பகலில் மொட்டைமாடிப் பேனல் 65 பாகையை எளிதில் எட்டும். 40 பாகை உயர்வுக்கு நூற்றுக்கு 14 பங்கு போயிற்று. பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைத்துவிட்டால் அடியில் காற்றோட்டமின்றி இன்னும் மோசம். மாமாவின் பேனலை அப்படித்தான் வைத்திருந்தார்கள். புழுதி, கம்பியிழப்பு முதலியவற்றையும் சேர்த்து நூற்றுக்கு 70 தேறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், 100 × 5 × 0.7 = 350 வாட்-மணி. இதுவே அந்தப் பேனலின் ஒரு நாள் வருமானம்.

செலவைப் பார்ப்போம். கடையில் பழைய குழல் விளக்கு இரண்டு. சோக்கையும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட். மின்விசிறி இரண்டு, ஒன்றுக்கு 75 வாட். ஆக 250 வாட். மாலை ஆறு முதல் ஒன்பதரை வரை மூன்றரை மணி நேரத்துக்கு 875 வாட்-மணி. இன்வெர்ட்டரில் விரயமாவதையும் கூட்டினால் பேட்டரியிலிருந்து எடுப்பது 1,030 ஆகிறது. நாள்தோறும் 350 போட்டு 1,030 எடுக்கும் கணக்கு எந்தக் கூட்டுறவு வங்கியில் செல்லும்? வாங்கும்போதே நிறைந்திருந்த பேட்டரி இரண்டு நாள் ஈடுகொடுத்தது. பிறகு கையை விரித்தது.

ஈய-அமிலப் பேட்டரியைப் பொறுத்தவரை இது வெறும் பற்றாக்குறையன்று, நோயாகும். மின்னிறக்கத்தின்போது தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. உடனே முழுமையாக மின்னேற்றினால் அது கரைந்துவிடும். நாட்கணக்கில் அரைவயிறாகவே விட்டுவைத்தால் சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் கரைவதில்லை. ஐந்தாண்டு உழைக்க வேண்டிய பேட்டரி எட்டு மாதத்தில் மாண்டது இதனால்தான்.

ஓம் விதி மாடியிலிருந்து இறங்கி வருகிறது

துறையிலிருந்து மல்டிமீட்டரை இரவல் பெற்றுக்கொண்டு ஒரு ஞாயிறன்று நண்பகலில் மாடியேறினேன். பேனலின் முனையில் 15.3 வோல்ட். கீழே பேட்டரியின் முனையில் 12.7 வோல்ட். 2.6 வோல்ட் எங்கே போயிற்று?

கம்பியில் போயிற்று. வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியையே மாடியிலிருந்து கடைக்குள் 15 மீட்டர் இழுத்திருந்தார்கள். போக வர 30 மீட்டர். தாமிரத்தின் மின்தடை எண் 1.72 × 10⁻⁸ ஓம்-மீட்டர் என்று முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை நீளத்தால் பெருக்கிக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் மின்தடை 0.516 ஓம். அப்போது ஓடிய மின்னோட்டம் 5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 2.58 வோல்ட். ஆய்வகத்தில் இத்தனை செம்மையாக எனக்கு ஒருபோதும் விடை வந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இழப்பின் கேட்டைச் சற்று விளக்க வேண்டும். 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி முற்றிலும் நிறைய வேண்டுமானால் அதன் முனைகளில் 14.4 வோல்ட் அளவு எட்ட வேண்டும். குளிர்ந்த நிலையில் 18 வோல்ட் தரும் பேனல், சூட்டில் பதினைந்தரைக்கு இறங்குகிறது. அதில் இரண்டரையைக் கம்பி தின்றால் மீதி 13தான். கடைசிக் கட்ட மின்னேற்றம், அதாவது பேட்டரியின் உயிரைக் காக்கும் கட்டம், அங்கே நடைபெறவே முடியாது. மின்னோட்டம் சுருங்கிப் போய்விடும். 230 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் குறைந்தால் எவரும் கவனிப்பதில்லை. 12 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் எவரும் தடித்த கம்பிக்குக் கஞ்சத்தனம் பார்க்கலாகாது. அல்லது அழுத்தத்தை 24 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். அழுத்தம் இரட்டித்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வெப்பமாகும் இழப்பு, மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது ஆதலால், நான்கில் ஒன்றாகும்.

மறுபடியும், முதலிலிருந்து

பேனலிலிருந்து தொடங்கியதே பிழை என்று தெளிந்தபின், கடையின் தேவையிலிருந்து தொடங்கினோம். மாமாவின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தப் பொருள் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். விளக்குகள் காலை ஒரு மணி நேரமும் மாலை மூன்றரை மணி நேரமும்: 450 வாட்-மணி. விசிறிகள் 12 மணி நேரம்: 1,800. மின்னணுத் தராசு, கைப்பேசி, பணம் வந்ததும் அறிவிக்கும் சின்ன ஒலிபெருக்கி மூன்றுக்கும் சேர்த்து 150. குளிர்பெட்டிக்கு அதன் மீதுள்ள வாட்டைப் பெருக்கக் கூடாது. அதன் அமுக்கி விட்டு விட்டுத்தான் ஓடும். எனவே கடை மூடிய ஒரு விடுமுறை நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டரையே பார்த்துக் குறித்தோம். வழக்கமாகத் திறந்து மூடுவதற்குச் சற்றுக் கூட்டி 1,100 என்று வைத்தோம். மொத்தம் 3,500 வாட்-மணி, அதாவது மூன்றரை யூனிட்.

இங்கேதான் எனக்கே வியப்பாயிருந்தது. செலவில் பாதிக்கு மேல் தின்பவை விளக்கோ குளிர்பெட்டியோ அல்ல, தலைக்குமேல் சுழலும் இரண்டு விசிறிகள். பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை விசிறி, அதே காற்றுக்கு 30 வாட் அளவே எடுக்கிறது. பழையதைக் கழற்றி இரண்டு புதியன மாட்டினால் 1,800 என்பது 720 ஆகிறது. குழல் விளக்குகளுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு போட்டால் 450 என்பது 180 ஆகிறது. குளிர்பெட்டியை மின்வாரியக் கம்பியிலேயே விட்டுவிட்டோம். அது தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. அதற்கென்றே பெரிய இன்வெர்ட்டர் வாங்க நேரிடும். ஆகச் சூரியனிடம் கேட்க வேண்டியது 720, 180, 150: கூட்டினால் 1,050 வாட்-மணி. புதிய விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. வேறு எந்த ஏழாயிரத்தாலும் இத்தனை பெரிய பேனலை வாங்கியிருக்க முடியாது.

இனி பேனல். மழைக்காலத்தை மனத்திற்கொண்டு 5 மணி நேரத்தை 4 ஆக்கினோம். சூடும் புழுதியும் போக நூற்றுக்கு 80, பேட்டரியில் போட்டு எடுப்பதில் 85, இன்வெர்ட்டரில் 90, கம்பியில் 97. இவற்றைக் கூட்டிக் கழிக்காமல் பெருக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும். பெருக்கினால் ஏறத்தாழ 0.6. 1,050ஐ 4ஆலும் 0.6ஆலும் வகுத்தால் 437 வாட். சந்தையில் இப்போது எளிதாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். எட்டு மாதம் ஏமாந்த பேனலைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். அதுவும் செலவைப் பாதிக்குக் கீழே குறைத்த பிறகு.

இப்பெரிய பேனல் 41 வோல்ட் அளவில் இயங்குவது. இதை மலிவான பி.டபிள்யூ.எம். கட்டுப்பாட்டுக் கருவி வழியாக 24 வோல்ட் பேட்டரியில் மாட்டினால், பேனலைப் பேட்டரியின் அழுத்தத்துக்கே இழுத்துவந்து மிகுதி அழுத்தத்தை வீணாக்கிவிடும். எம்.பி.பி.டி. என்னும் வகை, அழுத்தத்தைக் குறைத்து அதற்கீடாக மின்னோட்டத்தைக் கூட்டித் தருகிறது. விலை கூடுதல்தான், இங்கே அதைத் தவிர்ப்பது பொய்ச் சிக்கனம். 540ஐ 24ஆல் வகுத்தால் 22.5 ஆம்பியர் வருவதால் 30 ஆம்பியர் கருவி எடுத்தோம். மாடியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பி.

பேட்டரிக்கு அளவுகோல், ஒரு நாள் முழுதும் வெயிலே இல்லாவிடினும் கடை நடக்க வேண்டும் என்பது. 1,050ஐ 0.9ஆல் வகுத்தால் 1,170 வாட்-மணி. ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே இரு மடங்கு, 2,340 வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 × 100 = 2,400. சரியாகப் பொருந்துகிறது. வாங்கும்போது சி 10 என்று குறித்த சூரிய வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். பத்து மணி நேரத்தில் இறக்கி அளந்த 100 ஆம்பியர்-மணியும், இருபது மணி நேரத்தில் மெல்ல இறக்கி அளந்த 100 ஆம்பியர்-மணியும் ஒன்றல்ல. பின்னது பார்வைக்கு மட்டுமே பெரிது. பழைய பேட்டரியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். கூடாது. தொடரில் நலிந்த ஒன்று, நல்லதையும் கெடுக்கும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு வகையில் நூற்றுக்கு 80 வரை எடுக்கலாம், ஆயுளும் இரு மடங்குக்குக் குறையாது. ஆனால் கெட்டால் எங்கள் ஊரில் தொட்டுப் பார்க்க ஆளில்லை என்று மாமா மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பணக் கணக்கு

பேனல், பேட்டரிகள், இன்வெர்ட்டர், சட்டம், கம்பி எல்லாம் சேர்ந்து 55,000 ரூபாய் ஆயிற்று. இது "போட்ட பணத்தை மின்கட்டணத்திலேயே திருப்பித் தரும்" என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே தாராளமாக வைத்தாலும், நாளொன்றுக்கு ஒரு யூனிட் மிச்சத்துக்கு ஆண்டுக்கு 3,650 ரூபாய்தான் வரும். பதினைந்து ஆண்டாகும், அதற்குள் பேட்டரியை இரண்டு மூன்று முறை மாற்றியாக வேண்டும். 2024ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீடுகளுக்கே உரியது; கடைக்கு இல்லை. பேட்டரியே இன்றி மின்வாரியக் கம்பியோடு நேராக இணைக்கும் அமைப்பு மலிவுதான். ஆனால் மின்தடையின்போது, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் பொருட்டு, அது வெயிலிருந்தாலும் தானே நின்றுவிடும். இருட்டுக்கு அஞ்சி வாங்குபவருக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாலையில் ஒரு மணி நேர இருட்டு இந்தக் கடைக்கு எவ்வளவு நட்டம்? மாமா தம் நோட்டைப் புரட்டி, கரண்ட் போன மாலைகளின் விற்பனையை மற்ற மாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சில நாள் யோசித்த பிறகே சரி என்றார். மின்தடை எப்போதாவது வரும் நகரத்துக் கடையாயிருந்தால், மின்வாரியக் கம்பியிலேயே மின்னேற்றும் சாதாரண இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

பொருத்தியபோது கற்றவை

நாம் இருப்பது வட அட்சம் 9 பாகைக்குச் சற்று மேல். எனவே பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 12 பாகை சாய்ந்திருந்தால் போதும். மழைநீர் வழிந்தோடிப் புழுதியைக் கழுவவும் அச்சாய்வு உதவும். நிழலைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கை. மார்கழியில் நண்பகல் ஞாயிறு தெற்கே 57 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனியிலோ நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆகவே தெற்கிலுள்ள வேப்பமரத்தை மட்டும் பார்த்தால் போதாது, வடக்கிலுள்ள தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும். மின்கலங்கள் தொடராக இணைந்தவை ஆதலால், ஒரு மூலையில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் அடைத்துவிடும். உள்ளே வைத்துள்ள டையோடுகள் அவ்வரிசையைச் சுற்றிச் செல்ல வழி தரும். எனினும் மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான். காலை எட்டு, பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய வேளைகளில் சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் நிழல்களை வரைந்து பார்த்தே இடத்தைத் தேர்ந்தோம்.

பேட்டரியின் நேர்முனையை ஒட்டி ஓர் உருகி கட்டாயம் வேண்டும். கவனப்பிசகாகத் தராசுக் கம்பி இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஓடும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர், கம்பி பழுத்துவிடும். மின்னேற்றத்தின்போது நீர்வாயு வெளிப்படுவதால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, சாமி விளக்குக்கு அடியில் பேட்டரியை வைக்கக் கூடாது. முன்பு அங்கேதான் இருந்தது! இப்போது பின்வாசல் சன்னலோரம் மரப்பலகையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது மாமாவின் பொறுப்பு. சனிக்கிழமை விடியற்காலையில் பேனலைத் துடைப்பது என் தம்பியின் பொறுப்பு. நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது என்று அவனுக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாயிருந்தது. இரண்டு மாலை விளக்கு எரிந்தது. மூன்றாம் நாள் ஏழே காலுக்கு, மின்னிறக்கம் பாதியைத் தொட்டதும், நாங்கள் அமைத்துவைத்தபடி இன்வெர்ட்டர் தானாக மின்வாரியக் கம்பிக்கு மாறிக்கொண்டது. நல்வாய்ப்பாக அப்போது கம்பியில் மின்சாரம் இருந்தது. "குளிர்பெட்டியையும் இதிலேயே போட்டுரலாமா, தாயி?" என்று மாமா இப்போது கேட்கிறார். 1,100 வாட்-மணி கூடினால் இன்னொரு பேனலும் இரு மடங்கு பேட்டரியும் ஆகும் என்று நோட்டின் அதே கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.